கணப்புச்சட்டியும் நஜீபாவின் சுருதி டப்பாவும்

துனிசியாவின் தெஸ்தூர் என்ற ஊரில் கல்யாண வீட்டுப் பெண்கள் கூடத்துக்குள் ஆண்கள் காலெடுத்து வைப்பதில்லை. ஒலிபெருக்கி வாடகைக்குத் தருகிறவர்களோ எல்லோரும் ஆண்கள். அதனால் பாடகி மன்னூபியாவின் பெண்கள் குழு வெறுந்தொண்டையாலேயே பாடிவந்தது. கேசட் வந்த பிறகு, பின்வரிசைக்குக் கேட்காத பாட்டை யார் கூப்பிடுவார்கள்? வீடுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. அப்போதுதான் குழுவில் கானூன் என்ற பலதந்தி வாத்தியம் மீட்டும் நஜீபா, நானே ஒன்று செய்கிறேன் என்று இறங்கினாள்.

நாற்பத்திரண்டு வயது. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதைத் தவிர வேறு இயந்திர வேலை அறியாதவள். துனிஸ் நகரத்துப் பழைய ரேடியோ கடை ஒன்றில் உதிரிப்பாகங்களும் படம் போட்ட பிரெஞ்சுப் புத்தகமும் வாங்கிவந்தாள். முதல் ஆம்ப்ளிஃபையர் ஊளையிட்டது. மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரிலேயே வைத்திருந்தாள். அடுத்ததில் டிரான்சிஸ்டரைக் கால் மாற்றி ஈயத்தால் பற்றவைத்துப் புகைய விட்டாள். மூன்றாவது பாடியது.

பாடியதும் புது வம்பு. குழுவில் இருந்த ஹலூமாவின் வயலினும் நஜீபாவின் கானூனும் மயிரிழை விலகினால் முன்பு யாரும் கவனித்ததில்லை. இப்போது அந்த மயிரிழை கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் பிடித்துக்கொள்ள ஒரே சுருதி வேண்டும். ஆகவே டிரான்சிஸ்டர் இரண்டு, கண்டன்சர் இரண்டு, சில ரெசிஸ்டர்கள் கொண்டு, விடாமல் ஒரே ஸ்வரம் கூவும் ஆசிலேட்டர் ஒன்றை பிஸ்கட் டப்பாவுக்குள் செய்து முடித்தாள்.

ஜனவரியில் ஸாஸியா வீட்டு மருதாணிச் சடங்குதான் முதல் சோதனை. "பாட்டு சரியா வரலைன்னா கேசட்டைப் போட்டுருவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று மணப்பெண்ணின் தாயான ஸாஸியா முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

வழக்கம்போல மூலையில் கணப்புச்சட்டி. குளிரில் தொய்ந்த தஃப் என்ற கைப்பறைகளின் தோல் இறுகுவதற்காக அவற்றை அதைச் சுற்றி வைத்திருந்தார்கள். வாத்தியத்துக்கு இடம் என்றால் அதுதான். நஜீபாவும் டப்பாவை அங்கேயே வைத்தாள். ஹலூமா வந்ததும் வயலினைச் சேர்த்துக்கொண்டாள். கானூனுக்கோ தந்திகள் எழுபதுக்கு மேல். டப்பாவைக் கேட்டுக் கேட்டு நஜீபா சேர்த்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு இரண்டும் ஒன்றாக ஒலித்தபோது முன்வரிசை முகம் சுளித்தது.

"ஏண்டி, நீங்க ரெண்டு பேரும் வேற வேற கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க?" என்று மன்னூபியா சீறினாள்.

"என் டப்பா சரியாத்தான் இருக்குக்கா. ஹலூமாதான்..."

"என்னைச் சொல்லாதே! அது கூவினதைத்தான் நான் பிடிச்சேன்" என்றாள் ஹலூமா.

ஸாஸியா கேசட் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

நஜீபா டப்பாவைத் தொட்டாள். தகரம் சுட்டது. மூடியைத் திறந்து கண்டன்சர் மேல் ஊதினாள். ஸ்வரம் மெல்ல இறங்கியது. கணப்பருகே காட்டினாள், ஏறியது. சிரித்துவிட்டாள்.

"என்னடி இளிக்கிறே? மானம் போகுது இங்கே" என்றாள் மன்னூபியா.

"தஃப் மாதிரியே இதுவும் சூட்டுல ஏறுதுக்கா. அதுக்குச் சூடு வேணும், இதுக்கு ஆகாது. தப்பு என்னோடதுதான், ஹலூமா பிடிச்சப்போ டப்பா இன்னும் சூடேறலை, அவ பிடிச்சது சரி."

ஜன்னலோரம் தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் டப்பாவை ஆற வைத்தாள்.

"அது ஆறுறதுக்குள்ள பொண்ணுக்குப் பிள்ளையே பொறந்துடும்" என்றாள் ஸாஸியா.

"உங்க மருமகன் பேரை வச்சு வாழ்த்துப் பாடக் கேசட்டுக்குத் தெரியுமா, லல்லா ஸாஸியா? ஒரு டீ குடிங்க, வந்துடறேன்."

ஸாஸியா டீ கொண்டுவரச் சொன்னாள். நஜீபா எல்லாத் தந்திகளையும் மறுபடி முதலிலிருந்து முறுக்கினாள். ஹலூமா வில்லை இழுத்தாள். இரண்டும் ஒரே குரலாக எழுந்தன. மன்னூபியாவின் பாட்டு கடைசி வரிசையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்வரை போய்க் குலவையாகத் திரும்பிவந்தது. கேசட் பெட்டி மேல் யாரோ சால்வையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

பின்னாளில் நஜீபா கண்டன்சர்களைச் சூடு தாங்குபவையாக மாற்றிவிட்டாள். ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே மன்னூபியா கேட்பாள்: "கணப்பு எந்த மூலையில? டப்பாவை எதிர்மூலையில வைக்கணும். கடையில வாங்கினதில்ல, எங்க நஜீபா செஞ்சது!"