உறைப்பு நாக்கும் சிவநேசனின் லாகரும்

போன வாரம் ஒரு போத்தல் பியர் என் வாயை அடைத்துவிட்டது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சுவிஸில், லுசேர்ண் நகரில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே ஊரில் சொந்தமாக ரெஸ்ரோறன்ட் போட்டவன். வீட்டில் பியர் காய்ச்சுவதையும் எனக்கு எவரும் படிப்பிக்கவில்லை. என் கறுத்த பியரைக் குடித்துவிட்டுச் செய்முறை கேட்டு நின்ற சுவிஸ்காரர்கள் உண்டு. அதனால், நம்மவர்களில் யார் பியர் காய்ச்சினாலும் முதல் கிளாஸ் என்னிடம்தான் வரும்.

டீட்டிகோன் ஊரில் இருக்கிற சிவநேசனும் அப்படித்தான் கூப்பிட்டான். பகலில் கிடங்கு வேலை. மற்ற நேரமெல்லாம் நிலவறையில், ஒரு பழைய பிறிட்ஜுக்கு முன்னால். ஜேர்மன் முறையில் லாகர் காய்ச்சியிருந்தான். வெளிர் நிறம், குளிரில் மெதுவாகப் புளித்து, வாரக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டிய பியர். பொறுமை இல்லாதவனுக்குச் சரிவராது.

எதற்கு இந்தப் பாடு? அவன் மகன் கட்டப்போகும் பெண்பிள்ளையின் தகப்பன் ஜேர்மன்காரர். முதல் தடவையாக வீட்டுக்கு வரப்போகிறார்.

"அந்தாளோடை கதைக்க என்ர டொச் பாஷை காணாது அண்ணை," என்றான். "பெட்டி தூக்கிற இடத்து டொச்சிலை சம்பந்தியோடை என்னத்தைக் கதைக்கிறது? இதைக் குடிச்சாரெண்டா, நான் ஆரெண்டு அவருக்கு விளங்கும்."

பியருக்கு முன்னால் பைற்ஸ் வந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கணவாய்ப் பொரியல், பொரித்த செத்தல் மிளகாய்... விருந்தாளிக்கு வெறும் கிளாஸை நீட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமா என்ன? அவன் மனைவியின் கைப்பக்குவம் வேறு. ஒரு தட்டு முடித்துவிட்டுத்தான் கிளாஸைத் தொட்டேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணந்தேன். ஒரு மிடறு குடித்தேன். பெரிய நீதவான் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தண்ணி," என்றேன். "வாசமும் இல்லை, கசப்பும் இல்லை. இதைக் கொண்டுபோய் ஜேர்மன்காரனுக்கு வைச்சியெண்டா உன்ர மானம் மட்டுமில்லை, எங்கட மானமும் போகும்."

அவன் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம். "அப்ப எல்லாத்தையும் கீழை ஊத்திவிடுறன் அண்ணை," என்றான். நான் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்தபடி தலையாட்டினேன்.

சம்பந்தி வந்தார். கடை பியர் வைத்தார்கள். இரண்டு தகப்பன்மாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு டிவியைப் பார்த்தார்கள், பிறகு அவர் போய்விட்டார். சிவநேசனின் மகன் என் கடைக்குச் சாப்பிட வந்தபோது சொன்னது இது.

போன வாரத்துக்கு வருகிறேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தேன். புண் ஆறும் வரை உறைப்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் கஞ்சியும் அவித்த உருளைக்கிழங்கும். புண் ஆறியதும் பிறிட்ஜைத் திறந்தால், அன்று சிவநேசன் மரியாதைக்குக் காரில் வைத்துவிட்ட ஒரு போத்தல். சரி, தண்ணிதானே என்று திறந்தேன்.

முதலில் பேக்கரிப் போறணையில் இருந்து அப்போதுதான் எடுத்த பாணின் மணம். பிறகு மெல்லிய கசப்பு. பிறகு வாயில் ஒன்றும் மிஞ்சாத ஒரு சுத்தம். அடுத்த மிடறை நாக்கே கேட்டது... அப்படியொரு பியரை நான் இன்றுவரை காய்ச்சியதில்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தண்ணியாக இருந்தது பியர் இல்லை. வெந்துபோய்க் கிடந்தது என் நாக்கு. அந்த மிளகாய்க்கு மேல் எதைக் குடித்தாலும் தண்ணிதான். நாங்கள் அப்படித்தானே? உறைக்காவிட்டால் சப்பை. சத்தம் போடாவிட்டால் பயந்தவன். மெதுவாக வந்து நிற்கிற எதற்கும் நாங்கள் நேரம் கொடுப்பதில்லை.

உடனே சிவநேசனுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பக் காய்ச்சு, சம்பந்தியை நானே கூப்பிடுகிறேன் என்றேன்.

"பியர் காய்ச்சிற சாமான் எல்லாத்தையும் ஒரு பொடியனுக்குக் குடுத்திட்டன் அண்ணை," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, தயங்கித் தயங்கி, "நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் அது தண்ணி மாதிரித்தான் இருந்தது. உண்மையா நல்லாயிருந்ததோ? ஒரு வாய் மிச்சம் கிடந்தா வையுங்கோ, வாறன்."

சொட்டும் மிச்சமில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.