கோல சிலாங்கூரின் வெளிநாட்டு மாணவி

பதினோராம் வகுப்பான ஐந்தாம் படிவத்தில் படித்தபோது ஒரு நாள், காலைக் கூட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்: "வெளிநாட்டு மாணவர்கள் அலுவலகத்துக்கு வரவும்." பள்ளி முழுவதிலும் வரிசையை விட்டு நடந்தவள் நான் ஒருத்திதான். பின்னால் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். கோல சிலாங்கூருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள் நான்.

பிறந்தது மட்டும் நாகப்பட்டினத்துப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வழக்கத்துக்கு என்ன வந்தது? வயிற்றுப்பிள்ளையோடு அம்மாவைக் கப்பலேற்றினார் அப்பா. ஐந்து மாதக் கைக்குழந்தையாக நான் இங்கே வந்தேன். அப்பா இந்நாட்டிலேயே பிறந்த குடிமகன். ஒரு வருடத்துக்குள் இந்நாட்டு அதிகாரிகளிடம் என் பிறப்பைப் பதிந்திருந்தால் நானும் இந்நாட்டவள். அவர் பதியவில்லை. இத்தனைக்கும் அவர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். தினமும் விடிகாலையில் வேலையாட்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டு எழுதிக்கொள்பவர். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த தம்பிக்கு ஒரு தொல்லையும் இல்லை.

அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் பள்ளிக் கிராணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இங்க தங்கிப் படிக்கிறதுக்கான ஒன்னோட மாணவர் பாஸ் போன மாசமே முடிஞ்சிருச்சு. புதுப்பிக்காம சோதனைக்குப் பேர் அனுப்ப முடியாதுலா. வெள்ளிக்கிழமைதான் கடைசி."

சோதனை எழுத வேண்டும், ஆறாம் படிவம் போக வேண்டும், ஆசிரியை ஆக வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

மறுநாள் அப்பாவோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் 'படிப்பு முடிந்ததும் திரும்பும் நாடு' என்று கேட்டிருந்தது.

"அத வெறுமனே விடு," என்றார் அப்பா.

விட்டால் சோதனை போய்விடும். அவர் பார்க்கும்படி 'இந்தியா' என்று அழுத்தி எழுதினேன்.

அங்கிருந்த மலாய் அதிகாரி, உங்கள் மகள் எப்படி வெளிநாட்டுக்காரி ஆனாள் என்று கேட்டார். முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அப்பா பெருமையாக விளக்கினார். "அப்படியானால் அதுதானே இவள் வீடு," என்றபடி அதிகாரி முத்திரை குத்தினார். அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. சோதனையின் கடைசி நாள் வரைக்கும் பாஸ் கிடைத்தது.

வெளியே வந்ததும், "ஏம்ப்பா வாயத் தொறக்கல?" என்றேன்.

"அதான் குடுத்துட்டான்ல? இனிமே இந்த ஆபீஸ் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன்.

சோதனையில் முதல் நிலையில் தேறினேன். ஆறாம் படிவத்துக்குப் புதிய மாணவர் பாஸ் வேண்டும். அப்பா சொன்னபடியே வர மறுத்துவிட்டார். "பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும்," என்றார். அவமானம் அவருக்கு, தண்டனை எனக்கு. நாட்டில் தங்குவதற்கான அனுமதியை மட்டும் ஆள் வைத்து வாங்கினார்.

இரண்டு வருடம் கழித்து, என்னைவிட மோசமாகத் தேறிய தம்பி ஆறாம் படிவம் போனான். அவன் பள்ளிச் சட்டைக்கு நான் இஸ்திரி போட வேண்டுமாம், அப்பாவின் உத்தரவு. போட்டேன். மூன்றாவது நாள், சூடான பெட்டியைச் சட்டை முதுகில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கருகல் நாற்றத்தில் அம்மா ஓடி வந்தாள்.

"கை தவறிருச்சுன்னு சொல்லிரும்மா," என்று கெஞ்சினாள்.

"தவறல," என்றேன், வாசலில் இருந்த அப்பா காதில் விழும்படி.