சருகு நிறக் கத்தி

எனக்குப் பயம் பிறவிக் குணம். பஸ்ஸில் ஏறினால் பிரேக்கை நினைப்பேன், மழை வந்தால் சுவரை நினைப்பேன். ஏழாங்கிளாஸோடு படிப்பை விட்டதுகூட, பரீட்சைக்குப் பயந்துதான். அதனால், காட்டில் வேலை கிடைத்ததென்று என் தம்பி குதித்துக்கொண்டு வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள்; நான் என் பங்கையும் அவன் டம்ளரிலேயே ஊற்றிவிட்டேன்.

கொள்ளேகால் பக்கத்துக் காட்டில் கரண்ட் கம்பி போக வழி வெட்டும் வேலை. மூன்று மாதம் கூடாரத்தில் இருக்க வேண்டும். கோடாலியும் அரிவாளும் காண்ட்ராக்டர் கொடுப்பார். கொடி அறுக்க, கயிறு வெட்ட, முளைக்குச்சி சீவ இடுப்பில் ஒரு கத்தி மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கூடவே, "போன தபா ஒருத்தன் கத்தி பிடியிலேர்ந்து கழண்டு அவன் தொடையிலயே எறங்கிச்சு" என்றும் சொன்னாராம். தம்பி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த ஆளின் தொடைதான் என் கண்ணில் நின்றது.

அப்போது நான் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். இரும்பு எங்கே விடும் என்று ஓரளவு தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் போனேன். கறிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், உலகச் சண்டை முடிந்த பிறகு மிலிட்டரியில் கழித்த சாமான்களை இன்னும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வியாபாரி பாய் ஒருவர் சாக்கை விரித்துக் கத்திகளைப் பரப்பியிருந்தார். கறிக்கடைத் தண்ணீர் சிவப்பாக ஓடி வந்து சாக்கின் முனையை நனைத்திருந்தது. எனக்கு அப்போதே மனசு சரியில்லை.

தம்பி முதலில் ஒரு மடக்குக் கத்தியை எடுத்தான்.

"அது வேணாம். அழுத்தி அறுக்கறப்ப வெரல் மேலயே மடங்கும்."

அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். பளபளவென்று அலகு, ரத்தச் சிவப்பில் பிடி. "மிலிட்டரி மால், தம்பி. மூஞ்சி பாத்துக்கலாம்" என்றார் பாய். நான் வாங்கிக் காதோரம் வைத்து, பிடியைக் கல்லில் மெல்லத் தட்டினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அலகின் வால் பிடிக்குள் பாதிகூடப் போகவில்லை என்று அர்த்தம்.

"உள்ள ஆடுது பாய்."

"அரே, கத்தி வாங்க வந்தியா, நாடி பாக்க வந்தியா?"

"எங்கண்ணன் தீப்பெட்டியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவாரு பாய்" என்றான் தம்பி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாக்கின் ஓரத்தில் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. ஒரே இரும்பு, அலகு நுனியிலிருந்து பிடியின் கடைசி வரைக்கும். இரண்டு பக்கமும் எண்ணெய் குடித்துக் கறுத்த மரம், மூன்று ஆணி. நுனியைக் கல்லிடுக்கில் விட்டு என் பாரத்தை எல்லாம் போட்டுச் சாய்ந்தேன். அசையவில்லை. விலையும் சிவப்புப் பிடியில் பாதி.

"கரிக்கட்ட மாதிரி இருக்குணா. நாலு பேர் நடுவுல சொருவிக்க வெக்கமா இருக்கும்."

"வெக்கத்துல யாரும் சாவ மாட்டாங்க" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பாய் கத்தியை நீட்டினார். நான் வாங்கவில்லை. "கீழ வைங்க பாய்." எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது தம்பியிடம் மூன்று தடவை சொன்னேன்: "காட்லயும் எவன் கேட்டாலும் கையில குடுக்காத. கீழ வெச்சு எடுத்துக்கச் சொல்லு. ஒரே கூடாரத்துல அத்தன பேர், அத்தன பேர் கையிலயும் அரிவாள்."

நான் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் அவன் அப்படியே கேட்டான்.

முதல் மாதம் கார்டு வந்தது. கத்தி நன்றாக இருக்கிறது, மூங்கில்கூடப் பிளந்தேன் என்று எழுதியிருந்தான். இரண்டாம் மாதம் கார்டு இல்லை. பட்டறையில் நின்றுகொண்டு, அந்த மூன்று ஆணியில் எது முதலில் விடும் என்று யோசிப்பேன். நடு ஆணி என்று தோன்றும். பிறகு கடைசி ஆணி என்று தோன்றும்.

அப்புறம் வந்தது வேறொருவர் கையெழுத்தில், கன்னடத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தம்பிக்குக் காலில் அடி, மைசூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பயப்பட வேண்டாம். அன்றைக்கே ரயிலேறினேன்.

கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தான். "பிடி கழண்டுச்சாடா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"கத்திக்கு ஒண்ணும் ஆவலணா. கல்லு மாதிரி இருக்குது."

கூட வேலை செய்தவன் கயிறு அறுக்கக் கத்தி கேட்டிருக்கிறான். தம்பி நான் சொன்னபடி கையில் கொடுக்காமல் கீழே வைத்திருக்கிறான். அதற்குள் மேஸ்திரி கூப்பிட, இரண்டு பேரும் போய்விட்டுத் திரும்பினால் கத்தி கண்ணில் படவில்லை. மழையில் நனைந்த சருகு. அதே கறுப்பில் இரும்பு, அதே கறுப்பில் மரம். பொழுது சாய்ந்தால் யானை வரும் தடம் அது. அவசரத்தில் காலால் சருகைத் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறான். ஒரு வேரில் சாய்ந்து, கூர் மேலே பார்த்தபடி கிடந்திருக்கிறது கத்தி. டயர் செருப்பில் விரலுக்கு மறைப்பு ஏது? இரண்டு கால்விரல் போய்விட்டது.

"அந்தச் செவப்புப் பிடியா இருந்தா கண்ணுல பட்டிருக்கும்ல" என்று சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புண் ஆறி நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்ததும் மேஸ்திரி மறுபடியும் ஆள் அனுப்பினார். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் லேசான வேலை. ஆனால் அதே காடு. போகாதே என்றேன். "அப்ப பட்டறையில எனக்கு வேல வாங்கித் தரியா?" என்றான். என்னால் முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

பட்டறையிலிருந்து சிவப்புப் பெயிண்ட் கொண்டு வந்து பிடிக்கு அடித்தேன். பிடி முனையில் துளை போட்டு, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறும் கட்டினேன். கிளம்புகிற அன்று காலையில்தான் இரண்டாவது கோட். அவன் வாசலில் நிற்க, ஜன்னலிலிருந்து கத்தியை எடுத்து வந்து நீட்டினேன்.

"டேய், கீழ வைடா!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

நான் வைக்கவில்லை. அவன் கையில் கொடுத்து, அந்தக் கையை என் கையால் மூடிப் பிடித்தேன்.

"சண்ட வரப் போவுதுணா."

"வரட்டும். சண்ட போடறதுக்காவது திரும்பி வா."

பஸ் பிடிக்க நொண்டிக்கொண்டே போனான். தெருமுனை வரைக்கும் இடுப்பில் அந்தச் சிவப்பு தெரிந்தது. அது மறைந்த பிறகுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை.