நோட்டில் இல்லாத ஆறு ஃபைல்கள்

எங்கள் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன் மகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கச் சேலத்திலிருந்து ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டார். எட்டுப் பொருத்தம் என்று காட்டியது. மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் நடுநடுவே அப்படியே நின்றுபோனது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள், ஆபீஸில் வேலை பார்த்த நான் ஐந்து மாதம் உட்கார்ந்து அடித்த பட்டியல் இருந்தது. தற்காலிகமாகக் காப்பி பறிக்கும் பெண்கள் யார், எத்தனை வருடமாகப் பறிக்கிறார்கள் என்ற விவரம். அதைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். செல்லரித்த பழைய பதிவேடுகளை நான் அடித்து முடித்ததும் எரித்துவிட்டார்கள். ஃபிளாப்பியில் எடுத்த நகலில் மழைக்காலப் பூஞ்சை. பிரிண்டருக்கு ரிப்பன் இல்லாததால் தாளிலும் எடுத்து வைக்கவில்லை; நான் சரிசெய்ய உட்கார்ந்த அன்று காலை பஸ்ஸில்தான் அது வந்தது. மறுநாள் பட்டியலைப் பார்த்து நிரந்தரமாக்க அதிகாரி வருகிறார். பட்டியலில் என் அம்மாவும் இருந்தாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தபோது, கூடப் படித்தவர்கள் சிரித்ததைப் பொருட்படுத்தாமல், அங்கே நன்றாக ஓடிய ஒரு கம்ப்யூட்டரின் லைப்ரரி ஃபைல்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஃபைல்கள் அவை. ஃபிளாப்பி வழியாக வரும் வைரஸ் அதே மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொண்டு அவற்றின் நடுவில் ஒளிந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோட்டில் இல்லாதது இங்கேயும் இருக்கக்கூடாது என்று நான் உறுதியாக நம்பினேன்.

மதியம் முழுக்கத் திரையையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தேன். ஆறு பெயர்கள் நோட்டில் இல்லை. அழிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்கள் சந்தேகமான கொட்டையைத் தூக்கி எறிய மாட்டார்கள். மேஸ்திரி வந்து பார்க்கும்வரை தனிக் குவியலாக ஒதுக்கி வைப்பார்கள். நானும் அந்த ஆறையும் வேறொரு இடத்துக்கு நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன்.

நிற்காமல் ஓடியது. பெருமையோடு பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் இல்லை. பெயர் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியும் கலந்த கிறுக்கல்.

ரைட்டர் எட்டிப் பார்த்தார். "ஏன் கண்ணு, இது என்ன பாஷை?"

"ஒண்ணுமில்லீங்க. சரி பண்ணிட்டிருக்கறனுங்க."

"நொம்பப் படிச்ச புள்ள கையில குடுத்தாச்சு. நாளைக்கு ஆபீசருக்கு இதையவே படிச்சுக் காட்டீரு."

உங்கள் ஜாதகத்தால் வந்தது என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் போட்டது ஒரு ஃபிளாப்பி. நகர்த்தியது நான்.

வேலை முடிந்து வந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றாள். "ஊட்டுக்கு வரலியா சாமி? எம்பேரு அதுல இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா. நீ போ," என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உதவியாக இருந்தது. அதை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

ஒவ்வொரு ஃபைலாகப் பழைய இடத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வழி தெரியவில்லை. வைப்பதே வைரஸாக இருந்தால் மிச்சமும் போய்விடும். முதல் ஃபைலை வைத்தேன். கிறுக்கல் மாறவில்லை. எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தேன். கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டேன். அதையும் வெளியே எடுத்துவிட்டு மூன்றாவதை வைத்தேன்.

பெயர்கள் தமிழில் வந்தன. அப்போதுதான் புரிந்தது. நான் படித்த இடத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துப் புரோகிராமே கிடையாது. அதனுடைய லைப்ரரி ஃபைல் எப்படி என் நோட்டில் இருக்கும்? பட்டியலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்தைக் காட்டுகிற ஃபைலைத்தான் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

முதலில் அம்மாவின் வரியைத் தேடிப் பார்த்தேன். பத்தொன்பது வருடம். உடனே பிரிண்டரில் தாளைக் கோத்தேன். கரண்ட் போய்விடக்கூடாதே என்று பல்பையே பார்த்துக்கொண்டு கடைசித் தாள்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் அதிகாரி கூப்பிட, அம்மா அச்சடித்த பட்டியலில் தன் பெயருக்கு எதிரில் பெருவிரலை அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் மற்ற ஐந்தையும் அழித்தேன். ஒவ்வொன்றையும் அழித்ததும் பட்டியலைத் திறந்து, பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.