மாசாணத்தின் கடைவாய்ப் பல்

கொடுமுடிப் பக்கம் எங்கள் வெல்ல மண்டியில் மாசாணம் சொன்னால் சொன்னதுதான். வந்திறங்கும் அச்சு வெல்லத்தைக் கடித்துப் பார்த்து, அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. கடைசி நாலைந்து வருடமாக அவருக்கு ஒரு ரகசிய அடையாளம் இருந்தது. இடது கடைவாயில் சுளீரென்று ஏறினால் சுத்த வெல்லம், ஏறாவிட்டால் கலப்படம். இதை எடை போடும் என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

போன மாதம் வலி தாங்காமல் பல் டாக்டர் நேஹாவிடம் போனார். கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அதுதான் பல்லை அரித்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அடைக்கிற சிமெண்டிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அமிலத்திடமிருந்து பல்லைக் காக்குமாம். அந்தச் சிமெண்டுக்காகக் கண்ணாடித் தூளைக் குழைக்கிற தண்ணி என்ன என்று மாசாணம் கேட்டார். அதுவும் ஒருவகை அமிலம்தான் என்றார் டாக்டர். அமிலத்துக்குக் காவல் அமிலமா? கசிந்தால் அது என்ன அடைப்பு? வாயைப் பிளந்து வைத்திருந்ததால் மனிதரால் அதற்குமேல் கேட்க முடியவில்லை.

அடுத்த சந்தையில் முதலில் வந்தது பாப்பாயியின் வெல்லம். கடித்தார். சுளீர் இல்லை. அடுத்த மூட்டையிலும் இல்லை. பக்கத்து ஆளின் வெல்லத்திலும் இல்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், இவருக்குப் பல் சரியாகிச் சொல் போய்விட்டது. கலப்படம் என்றால் பாப்பாயியின் சரக்கு விலை போகாது. நல்லது என்று சொல்லித் தப்பாகிவிட்டால், அப்புறம் இவரை யார் நம்புவார்கள்?

கடைசியில் வாய்விட்டே கேட்டார். "ஏனுங்க அம்மணி, அஸ்கா போட்டீங்களா?"

"இன்னைக்குப் போடலீங்க. போன மாசந்தான் கலந்துபோட்டேனுங்க. நீங்க கடிச்சுப் பார்த்து நல்ல வெல்லம்னு சொல்லிப்போட்டீங்க. அன்னையிலிருந்து எனக்கு மனசே செரியில்லீங்க."

மாசாணம் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொத்தைப் பல்லுக்கு எந்த இனிப்பும் சுளீர்தான் என்பது இரண்டு பேருக்கும் மெல்லப் புரிந்தது.

"அப்ப அரங்கசாமி?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அரங்கசாமியின் வெல்லத்தைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. அரங்கசாமி அதோடு ஆலையை மூடிவிட்டு, துடியலூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

"அன்னைக்கு எந்தப் பக்கம் கடிச்சேனுங்க?" என்று மாசாணம் தினமும் என்னைக் கேட்கிறார். ஞாபகமில்லை என்கிறேன். இடது கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு வலது பக்கம்தான் கடித்தார். எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.