ரத்தம் பாஸ், இருதயம் ஃபெயில்

என் மாமனார் வாழ்க்கையில் எழுதிய ஒரே பரீட்சை ரத்தப் பரீட்சைதான். அதிலும் முதல் தரத்தில் தேறிவிட்டார். அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியுமா?

மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்து ஓய்ந்தவர், 1970-களின் கடைசியில் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். காரணம்? வேறென்ன, என் சமையல்தான். பருப்பில் நான் வாயுவைக் கலந்து வைக்கிறேனாம்!

பழைய தோட்டத்து டிரெசரிடம் போய்க் காட்டினார். தோட்டத்து ஜனங்களுக்கு ஊசி, மருந்து எல்லாம் அவர் கைதான். அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சோகையும் இல்லை, மலேரியாவும் இல்லை என்றார். பாவம், அவர் தேடியது அந்த இரண்டைத்தான். மாமனார் காதில் விழுந்ததோ வேறு.

"ரத்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் லா! வாலிபப் பையன் ரத்தமாம்!" என்று தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். வந்து அரைமணி நேரம் மூச்சு வாங்கினார்.

கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தார். இருதயம் பலவீனம், உப்பு ஆகாது, நீர் பிரிய மாத்திரை தவறாமல் சாப்பிடவேண்டும் என்றார். இதையெல்லாம் மொழிபெயர்த்த மேதை என் வீட்டுக்காரர்: "அப்பா, ஹார்ட்டு ஃபெயிலாம்."

"ஃபெயிலா? நானா? ரத்தம் பாஸாயிருக்கு, அது ஓடுற ஹார்ட்டு எப்படிடா ஃபெயிலாவும்? ரத்தத்துல பாத்துச் சொல்லச் சொல்லு!"

இதை ரத்தத்தில் பார்க்க முடியாது என்றார் டாக்டர். போச்சு! டாக்டரே தோற்றுவிட்டார் என்று மாமனார் முடிவு கட்டிவிட்டார்.

மாத்திரைகள் ஜன்னல் வழியாகப் போயின. கோலா கெடாவிலிருந்து கருவாடு வந்தது. வாங்கி வந்தது அவருடைய அருமை மகன். "வாய்க்கு ருசியாத் தின்னட்டுமே, பாவம்!"

"மாமா, உப்பு ஆகாதுன்னாரே டாக்டரு?"

"நீ டாக்டருக்குப் படிச்சியா? ரத்தம் நல்லாருக்கு லா, பிள்ள."

கத்தினேன், கெஞ்சினேன், கருவாட்டை நாய்க்குப் போட்டேன். நாய்தான் கொழுத்தது, மறுநாளே புதுக் கருவாடு வந்துவிட்டது. ஒருநாள் காலையில் தேநீரோடு போனபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

சண்டைக்காரி இப்படி அழுகிறாளே என்று ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிழைத்திருக்க வேண்டிய மனுஷர்.

போன மாதம் கிளினிக்கில் என் கையிலிருந்து ரத்தம் எடுத்த பெண், "இப்பல்லாம் ஹார்ட்டு வீக்கா இருந்தா ரத்தத்துலயே தெரிஞ்சிரும் ஆன்ட்டி" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பாழாய்ப்போன கோபம்தான் வந்தது. நான் சொன்னேன், டாக்டர் சொன்னார், வீங்கிய காலே சொன்னது. அந்த ரத்தம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மனுஷர் வாயை மூடிக்கொண்டு மாத்திரையை விழுங்கியிருப்பார்.