குண்டு வெந்த ஓவன்

என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், மான் வேட்டைக்குப் போகிறவர். துவக்குக்கான குண்டுகளைக் கடையில் வாங்கமாட்டார். கார் ரயர்க் கடையில் கழித்த ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, சிவப்புப் பெயின்ற் பவுடரோடு ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவார். பிறகு கராஜில் ஒரு ரோஸ்டர் ஓவனில் தட்டோடு வைத்துச் சுடுவார். பவுடர் உருகி ஈயத்தின்மேல் தோலாகப் பிடிக்கும். துவக்குக் குழாயில் ஈயம் ஒட்டாமல் இருக்கத்தான் இவ்வளவும். குழாயில் அவருக்கு அவ்வளவு கரிசனை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கனடா வந்து அத்தான் குடும்பத்தின் அஜின்கோர்ட் வீட்டில், நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற்றில்தான் குடியிருந்தோம். புதிதாக வந்தவர்களுக்குப் பழையதைக் கொடுப்பது இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம். மெத்தை, சட்டி, குளிர்ச்சட்டை எல்லாம் மேலேயிருந்து இறங்கும். வேண்டாம் என்றால் பெரிய எடுப்புக்காரி என்று குடும்பம் முழுக்கக் கதை போகும். அத்தான் புது ஓவன் வாங்கியதும் பழையது கீழே இறங்கியது.

"கழுவி மினுக்கி வச்சிருக்கிறன். பிள்ளைக்கு ஏதும் சுட்டுக் குடும்," என்றார் அவருடைய மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சுட்டுக் கொடுத்தேன். பாண், உருளைக்கிழங்கு, மீன். மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். தட்டின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய பெயின்ற் என்று நினைத்தேன்.

பிள்ளைக்கு ஓயாத வயிற்றுவலி. சாப்பாட்டைக் கண்டாலே அழுகை. பழகியிருந்த சில சொற்களும் நின்றுபோயின. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈயம்.

வீட்டைச் சோதிக்க வந்த தாதி, தட்டின் சிவப்பைப் பார்த்துவிட்டு, அந்த ஓவன் எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் கணவர் முந்திக்கொண்டார். தெருவில் கிடந்ததாம், நான்தான் தூக்கி வந்தேனாம். அண்ணனின் துவக்கு லைசன்ஸுக்கு ஏதும் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். பெற்ற பிள்ளையைப் பற்றி அந்தப் பயம் இல்லை. "மேலே இருப்பவர்கள் தந்தது," என்று நான் சொன்னேன். தாதி கராஜைத் திறக்கச் சொன்னார். அச்சும் சிவப்புக் குண்டுகளும் அங்கே மேசையிலேயே இருந்தன.

தாதி போனதும் இருவரும் கீழே வந்தார்கள்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டீர் என்ன?" என்று அத்தான் கத்தினார். "சோப்புப் போட்டுக் கழுவித்தானே தந்தனாங்கள்!"

அக்காவும் சேர்ந்துகொண்டார். "எல்லாத்துக்கும் எங்களிலையோ பழி? எங்கடை பிள்ளையளும் இந்த வீட்டிலைதானே வளந்ததுகள். அதுகளுக்கு ஏதும் நடந்ததோ? நான் உந்த ஓவனை ஒருநாளும் சமைக்கிற குசினிக்குள்ளை எடுக்க விட்டதில்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. அத்தான் நிலத்தைப் பார்த்தார். மகள் என் மடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அந்த நிமிடம் பிடித்த வெறுப்பு இன்றும் ஒரு துளி குறையவில்லை.

"நீங்கள் தெரிஞ்சுதான் தந்தனீங்கள்," என்றேன்.

கணவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணியிட்டை மன்னிப்புக் கேள்," என்றார்.